பாய்வள்ளத்தில் ஒரு மாரி விடுமுறை

மேல்நாடுகளிலே பொழுதுபோக்குக்காகப் பாய்ப்படகு வைத்திருப்போர், குளிர்காலம் நெருங்கியதும் படகைக் கரையேற்றிப் போர்வையிட்டு மூடிவிட்டு, இனி வசந்தம் வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று வீடு திரும்பிவிடுவார்கள். மன்னார்க் கடலின் வழக்கம் வேறு. இங்கே மார்கழியும் தையுந்தான், சிறு வள்ளமொன்றிலே பாய் விரித்துத் தென்கரையோரமாகச் சென்று வருவதற்கு உகந்த காலம். மழையும் வாடையும் உள்ள மாரியிலே கடற்பயணமா என்று வியப்போர் உளர். அவர்களுக்காகக் காரணத்தை முதலிலே சொல்லிவிடுகிறேன். பிறகு அத்தகைய விடுமுறை ஒன்றைப் பற்றியும், அதிலே எனக்குக் கடலைக் காட்டித் தந்த ஒரு தண்டேலைப் பற்றியும் சொல்கிறேன்.

மன்னார்த் தீவு, தென்கிழக்கிலிருந்து வடமேற்காக நீண்டு கிடக்கும் ஏறக்குறைய 26 கிலோமீற்றர் நீளமான மணல் நிலம். அதன் வடபுறம் பாக்கு விரிகுடா. தென்புறம் மன்னார் வளைகுடா. வாடைக் காற்றோ வடகிழக்கிலிருந்து வீசுவது. ஆகவே அது தீவைக் குறுக்காகக் கடந்து செல்கிறது. பேசாலைப் பக்கத்தில் அலை மணலைப் புரட்டி இரையும்போது, அதே நாளில், அதே வேளையில், தாழ்வுபாட்டுக் கரையிலே குளத்து நீரைப் போலச் சிற்றலை தவழும். தீவு தாழ்ந்த நிலமாதலால் காற்றை அது பெரிதும் தடுப்பதில்லை. அலையை மட்டுமே தடுக்கிறது. பாய்க்கு வேண்டிய காற்று முழுதும் கிடைக்கும். வள்ளத்தை அலைக்கழிக்கும் திரை மட்டும் கிடையாது. இன்னும் ஒரு நயம் உண்டு. காற்று கரைக்குக் குறுக்கே வீசுவதால், கரையோரமாக மேற்கே போகும்போதும் அது பக்கக் காற்று. கிழக்கே திரும்பும்போதும் பக்கக் காற்று. போகும் வழிக்குத் துணையாகும் காற்று வரும் வழிக்குப் பகையாவது கடலில் இயல்பு. இங்கோ அது இரு வழிக்கும் துணையாகிறது. சோளகம் எழும் வைகாசிக்குப் பிறகு இந்நிலை தலைகீழாகிவிடும். தென்கரை கொந்தளிக்க, வடகரை அமைதி கொள்ளும். ஒரு தீவின் இரு கரைகளும் ஆண்டை இவ்வாறு பங்கிட்டுக்கொண்டிருப்பதை மன்னார் மீனவர் தலைமுறை தலைமுறையாக அறிவர்.

1973ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் அது. நான் அப்போது பள்ளிக்கூடத்து மேல்வகுப்பு மாணவன். என் தாயாரின் தமையனார், ஆசிரியத் தொழில் பார்த்தவர், தாழ்வுபாட்டிலே ஒரு சம்மாட்டியாருடன் நெடுநாட் பழக்கமுள்ளவர். நத்தாருக்கும் புதுவருடத்துக்கும் இடைப்பட்ட நாள்களில் அச்சம்மாட்டியாரின் வள்ளமொன்று கடலுக்குப் போகாமற் கரையிலே கிடக்கும். அதனை அம்மான் ஒரு வாரத்துக்குக் கேட்டு வாங்கினார். நாடு முழுவதும் பாணுக்கு வரிசையில் நின்ற வருடம் அது; அவ்வருடம் ஒக்டோபரிலே உலகச் சந்தையில் எண்ணெய் விலையும் ஏறத் தொடங்கியிருந்தது. வள்ளத்துக்கு இயந்திரம் பூட்ட எண்ணியிருந்த சம்மாட்டியார் அவ்வெண்ணத்தை ஒத்திவைத்திருந்தார். ஆதலால் அவ்வள்ளத்திற் பாயும் பாய்மரமும் இன்னும் தம் இடத்திலேயே இருந்தன.

28 அடி நீளமான திறந்த வள்ளம். வேம்பும் இலுப்பையும் கொண்டு கட்டியது. நடுவே ஒரு பாய்மரம். அதிலே சரிந்து நிற்கும் பருமல். பருமலிலே முக்கோணமாகத் தொங்கும் பருத்திப் பாய். அணியத்திலே நங்கூரமும் கயிறும். நடுவிலே மணல் நிரப்பிய பெட்டியொன்று. அந்தப் பெட்டிதான் எமது அடுப்பு. குடத்திலே நன்னீர், சாக்கிலே கூப்பன் அரிசி, போத்தலிலே தேங்காயெண்ணெய், ஓலைக் குட்டானிலே பனங்கட்டி, ஓர் அரிக்கன் இலாம்பு. இரவிலே பாயை இறக்கிப் பருமலின் மேல் போட்டுக் கூடாரமாக்கி அதன்கீழ் உறங்குவோம். இவ்வளவுதான் எங்கள் மாளிகை.

சுக்கான் பிடித்தவர் அறுபதை எட்டிய ஒரு தண்டேல். அம்மான் அவரை 'அண்ணை' என்பார். நான் 'தண்டேல் ஐயா' என்பேன். அவருக்கு நான் 'தம்பி'. அவர் பேச்சு மிகக் குறைவு. காற்று மிகும்போது காற்று வரும் பக்கமாகப் பலகையொன்றை வெளியே நீட்டி, அதன் நுனியிலே என்னை உட்காரச் செய்வார். என் பாரம் வள்ளம் சரியாதபடி காக்கும். விடுமுறைக்கு வந்த சிறுவனாகிய என்னை முதல் நாளிலேயே வள்ளத்தின் ஓர் உறுப்பாக்கிவிட்டது அப்பலகை.

நத்தாருக்கு மறுநாள் விடியலிலே புறப்பட்டுத் தெற்கு நோக்கி ஓடினோம். இடப்புறத்தில் வங்காலைக் கரை. அக்கரையின் உப்பங்கழிகளிலே வடதேசங்களிலிருந்து வந்த நீர்ப்பறவைகள் கூட்டங் கூட்டமாக எழுந்தமர்ந்தன. மாரிக்கு விருந்தாளிகளாக வரும் அப்பறவைகளின் பொருட்டு 2008ஆம் ஆண்டில் வங்காலை சரணாலயமாக்கப்பட்டது. 2010இல் ராம்சார் ஈரநிலங்களின் வரிசையிலும் சேர்ந்தது. அன்று அதற்கு அத்தகைய பட்டம் எதுவும் இல்லை. பறவைகள் மட்டும் இருந்தன.

அரிப்பை அணுகும்போது நீலநீர் திடீரெனச் செம்மண் நிறமாயிற்று. "ஆறு பேசுது" என்றார் தண்டேல். அருவியாறு எனவும் மல்வத்து ஓயா எனவும் பெயர் கொண்ட 164 கிலோமீற்றர் நீளமான ஆறு, அநுராதபுரத்து மழையையெல்லாம் சுமந்து வந்து அங்கேதான் கடலிற் கொட்டுகிறது. அந்த ஆற்றங்கரை வழியேதான் 1679ஆம் ஆண்டு ஒக்டோபரில், கண்டி அரசிலே பத்தொன்பது வருடம் சிறையிருந்த ரொபட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயன் தப்பி வந்து, அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தான். காட்டினூடே நாட்கணக்கில் நடந்த ஒருவனுக்கு இந்தக் கடல் முதன்முதற் கண்ணிற் பட்டபோது எப்படி இருந்திருக்கும் என்று அம்மான் என்னைக் கேட்டார். நான் விடை சொல்லவில்லை, தண்டேல் சொன்னார்: "தண்ணியைக் கண்டிருக்கமாட்டான், தம்பி, வழியைக் கண்டிருப்பான்."

அவ்வூர்க் கரையின் செம்மேட்டிலே, தேசாதிபதி பிரெடரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டுவித்த மாளிகையின் இடிபாடு நிற்கிறது. முத்துக்குளிப்பைப் பார்வையிடுவதற்காக எழுப்பிய மாளிகை அது. கரையைக் கடல் கடித்துத் தின்னத் தின்ன அதன் சுவர்களும் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருக்கின்றன. அதற்கு நேரே கடலடியில் உள்ளவைதாம் 'பார்' என்று நம்மவர் வழங்கும் முத்துச் சிப்பிப் படுகைகள். 1905ஆம் ஆண்டுக் குளிப்பிலே எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. மறு வருடக் குளிப்பின்போது, பிற்காலத்திற் புகழ்பெற்ற எழுத்தாளராகிய லெனாட் வூல்ஃப் ஓர் இளம் அரசாங்க உத்தியோகத்தராக இக்கரையிலே பணிபுரிந்தார். குளிப்புக் காலத்திலே மறிச்சுக்கட்டி மணலில் ஓலையாலும் கம்பாலும் ஒரு நகரமே முளைக்கும். குளிப்பு முடிந்ததும் மறையும். 1906இல் இலண்டன் கம்பனியொன்று இப்பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. சில வருடங்களுள் சிப்பியும் இல்லை, கம்பனியும் இல்லை என்றாயிற்று. நாங்கள் நங்கூரமிட்ட அவ்விரவிலே கரையில் இரண்டொரு விளக்குகளே தெரிந்தன.

அரிப்பிலிருந்து திரும்பித் தீவின் தென்கரையோரமாக மேற்கே ஓடிய இரு நாள்களும் என் வாழ்விலே மிக இனிய நாள்கள். ஓலைத்தொடுவாய், நடுக்குடா என்று பனந்தோப்புகளும் மணல்மேடுகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்தன. தண்டேல் மரக்கோலை நீரில் ஊன்றி, அது தொடும் விதத்தைக்கொண்டே கீழே மணலா, சேறா, சிப்பியா, சாதாழையா என்று சொல்லுவார். சாதாழை என்றால் ஆவுளியா மேய வரும் இடம் என்றும், அங்கே நங்கூரம் இழுபடும் என்றும் அறிந்துகொண்டேன். அறுமீன் உச்சிக்கு வந்தால் ஒன்பதரை மணி என்று அவர் கணக்கிட்டதை அம்மான் தம் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து மௌனமானார். அப்போது பத்திரிகைகளெல்லாம் கோகூட்டெக் என்னும் வால்வெள்ளியைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தன. மாலைதோறும் மேற்கே தேடினேன், எங்கும் காணோம். "வாறது வராட்டில், இருக்கிறதைப் பார்" என்று வானத்தின் மற்றப் பகுதியைக் காட்டினார் தண்டேல்.

தலைமன்னாரின் நுனியாகிய ஊர்மலையிலிருந்து மேற்கே மணற்றிட்டுகள் தொடங்குகின்றன. இராமர் அணை என்றும் ஆதாம் பாலம் என்றும் இரு மதத்தவரும் தத்தம் பெயரிட்டழைக்கும் அத்திட்டுகள், ஏறக்குறைய 30 கிலோமீற்றர் தூரம் தனுஷ்கோடி வரை விட்டுவிட்டுச் செல்கின்றன. பல இடங்களில் ஓராள் ஆழமும் இல்லை. டிசெம்பர் 30ஆம் திகதி காலை, அண்மையிலிருந்த திட்டொன்றுக்குச் சென்றோம். வாடையைப் பின்புறம் வாங்கிய வள்ளம் அம்பாகப் பாய்ந்தது. "போறது லேசு, வாறதுதான் கணக்கு" என்று தண்டேல் எச்சரித்ததின் பொருள் திரும்பும்போதுதான் விளங்கிற்று. அரைமணியிற் போன தூரத்தைக் காற்றுக்கு எதிரே வெட்டி வெட்டித் திரும்ப இரண்டரை மணி பிடித்தது.

திட்டிலே மனிதச் சுவடு இல்லை. ஆலாக்கள் மட்டும் ஒரே திசையை நோக்கி மணலில் நின்றன. தண்டேல் வள்ளத்தை விட்டிறங்கி, மேற்கே பார்த்தபடி நெடுநேரம் நின்றார். அவருடைய தங்கை தங்கச்சிமடத்திலே வாழ்க்கைப்பட்டவள் என்பதை அன்றுதான் அம்மான் எனக்குச் சொன்னார். பெண்ணழைத்துச் சென்றதும் பாய்வள்ளத்திலேதான். அந்நாளிலே அக்கரைக்குப் போய்வருவது அயலூர்த் திருநாளுக்குப் போய்வருவதைப் போன்றது. சுதந்திரத்தின் பின் குடிவரவுச் சட்டம் வந்தது. கடவுச்சீட்டும் முத்திரையும் வந்தன. ஏழைக் கடலோடிக்கு அவை எட்டாப் பொருள்கள். 1964 டிசெம்பர் 22ஆம் திகதி இரவு எழுந்த புயல் தனுஷ்கோடியை அழித்து, பயணிகளோடு ஒரு புகைவண்டியையும் கடலுக்கு இரையாக்கியபோது, தங்கை பிழைத்தாளா என்பதை அறிய அவர் மூன்று வாரம் காத்திருந்தாராம். ஒரு தபாலட்டை வந்தது, அவ்வளவே. கண்ணால் அவளைக் கண்டு இருபது வருடத்துக்கு மேலாயிற்று.

"அண்ணை, காத்து நல்லாத்தானே இருக்கு" என்றார் அம்மான், மெல்ல.

"காத்து போகச் சொல்லுது, மாஸ்ரர். இந்தப் பெடியனை வைச்சுக்கொண்டு நான் போகக் கூடாது" என்று சொல்லி, அவர் வள்ளத்திலேறிச் சுக்கானைப் பிடித்தார்.

அன்றிரவு ஊர்மலையின் தென்புறத்திலே நங்கூரமிட்டு உறங்கினோம். நள்ளிரவுக்குப் பின் தண்டேல் எம்மை எழுப்பினார். காற்று இன்னும் வாடைதான். வானத்தில் வெள்ளிகள் தெரிந்தன. எனக்கு ஒரு மாற்றமும் தோன்றவில்லை. ஆனால் வள்ளம் நெடுமூச்சு விடுவது போல் மெதுவாக ஏறி இறங்கிற்று. தெற்கேயிருந்து நீண்ட திரையொன்று உருண்டு வந்துகொண்டிருந்தது. எங்கோ தூரத்திலே காற்று மாறிவிட்டது. அதன் செய்தியை அலை முன்னதாகக் கொண்டுவந்திருக்கிறது என்றார் அவர். தென்காற்று எழுந்தால், இதுவரை எமக்குக் கவசமாயிருந்த கரையே எம்மை மோதி உடைக்கும் கரையாகிவிடும். இருளிலேயே வள்ளத்தைக் கரைக்குத் தள்ளினோம். அருகிலிருந்த வாடியிலிருந்து பத்துப் பதினைந்து பேர் ஓடிவந்து கைகொடுத்தனர். உருளைக் கட்டைகளைப் பரப்பி வள்ளத்தை மேட்டிலேற்றி முடிக்கும்போது கீழ்வானம் வெளுத்தது. ஒரு மணி நேரத்துள் மழையும் தென்காற்றும் ஒருங்கே அறைந்தன. நாங்கள் நங்கூரமிட்டிருந்த இடம் வெண்ணுரைக் காடாக மாறியதை வாடியின் ஓலைத் தட்டிக்கு அப்பாலிருந்து பார்த்தேன்.

இரண்டு நாள் அந்த வாடியில் இருந்தோம். புதுவருடம் அங்கேயே பிறந்தது. மீனவர்கள் இலாம்பின் முன் முழந்தாளிட்டுச் செபமாலை சொன்னார்கள். சைவராகிய நாங்களும் அவர்களருகே அமர்ந்திருந்தோம். ஒடியற் கூழை ஒரே பானையிலிருந்து பகிர்ந்து குடித்தோம். சனவரி 2ஆம் திகதி வாடை மீண்டது. அன்று மாலையே தாழ்வுபாட்டை அடைந்தோம்.

அவ்வருடம் ஜூன் மாதத்திலே இலங்கையும் இந்தியாவும் பாக்கு நீரிணையில் எல்லைக்கோடு வரைந்தன; 1976 மார்ச்சில் மன்னார் வளைகுடாவிலும் கோடு வரையப்பட்டது. அதன்பின் வந்தவை வாசகர் அறிந்தவையே. 1980களின் நடுவில் தலைமன்னார்க் கப்பற் போக்குவரத்து நின்றது. 1990இல் புகையிரதமும் நின்றது. அவ்வாண்டு ஒக்டோபரிலே, விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட மன்னார்த் தீவு முஸ்லிம் மக்கள், நாங்கள் விடுமுறைக்கு ஓடிய அதே கடல்வழியாகப் படகுகளிலே தெற்கே கற்பிட்டிக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். மேற்கே, மணற்றிட்டுகள் அகதிகளின் படித்துறையாயின. படகோட்டிகள் இரவிலே அவர்களைத் திட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவர். பிள்ளை குட்டிகளோடு விடியும் வரை அவர்கள் அம்மணலிலே காத்திருப்பர்.

அவ்வாறு காத்திருந்தவர்களுள் எங்கள் தண்டேலும் ஒருவர். எழுபத்தேழு, எழுபத்தெட்டு வயதிலே, பாயில்லாத இயந்திரப் படகொன்றிலே, காசு கொடுத்துப் பயணம் செய்யும் ஒருவராக அவர் அக்கடலைக் கடந்தார். காற்று போகச் சொன்ன நாளிலே போகாதிருந்தவர், துவக்கு போகச் சொன்னபோது போனார். மண்டபம் முகாமிலிருந்து அவர் மகன் அம்மானுக்கு எழுதிய கடிதத்தை நான் படித்திருக்கிறேன். தங்கை முகாமுக்கு வந்தாளாம். இருவரும் முதலில் ஒருவரையொருவர் அடையாளங் காணவில்லையாம். இரண்டு வருடத்தின் பின் அவர் அங்கேயே காலமானார். அவளுடைய ஊர்க் கோயில் மண்ணிலே அடக்கம் செய்தார்கள்.

இன்று அத்தென்கரை வேறு கோலங் கொண்டிருக்கிறது. 2015இல் புகையிரதம் மீண்டும் தலைமன்னாருக்கு ஓடத் தொடங்கியது. 2020 டிசெம்பரிலே 'தம்பபவனி' என்னும் காற்றாலைப் பண்ணை திறந்துவைக்கப்பட்டது. 30 சுழலிகள், 100 மெகாவாற்று மின்சாரம். பறவைகளின் பாதையிலே அவை நிற்கின்றனவே என்ற கவலையும் உடன் எழுந்திருக்கிறது. கற்பிட்டிக் குடாவிலே டிசெம்பர் தொட்டு மார்ச் வரை வெளிநாட்டார் பட்டங்களைக் காற்றிலேற்றிப் பலகையில் நின்று நீர்மேற் சறுக்குகிறார்கள். காற்றின் பெறுமதியை எல்லாரும் அறிந்திருக்கிறார்கள். அதனை முதலில் அறிந்த நம்மவர் கையிலேதான் பாய் மிக அரிதாகிவிட்டது. இதே வடபுலத்து மரக்கலஞ் சாதாரணமானதா? வல்வெட்டித்துறையிலே கட்டப்பட்ட 'அன்னபூரணி' நம்மூர்க் கடலோடிகளோடு சமுத்திரங்களைக் கடந்து, 1938 ஓகஸ்டிலே அமெரிக்காவின் குளொஸ்ரர்த் துறையை அடையவில்லையா?

இயந்திரத்தை வெறுக்கும்படி நான் சொல்லவில்லை. மழையிலும் இருளிலும் உழைப்பவனுக்கு அது பேருதவி. என் கவலை வேறு. அலையின் மூச்சைக்கொண்டு நாளைய காற்றை அறிந்த அறிவு எந்த ஏட்டிலும் முழுமையாக எழுதப்படவில்லை. அது சில முதியோரின் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இருக்கிறது. பேசாலையிலும் தாழ்வுபாட்டிலும் வங்காலையிலும் பாய் பிடித்த கைகள் இன்னும் சில உள்ளன. வருகிற மார்கழி விடுமுறையிலே நம் மாணவர் பத்துப் பேராவது கொப்பியும் பென்சிலுமாக அவர்களிடம் போகட்டும். காற்றுகளின் பெயர்களையும், பார்களின் பெயர்களையும், வள்ளத்தின் உறுப்புகளின் பெயர்களையும், எந்தத் திரை எந்தக் காற்றை அறிவிக்கிறது என்பதையும் கேட்டு எழுதட்டும். இயலுமாயின், கடற்படையாரிடம் முறைப்படி அனுமதி பெற்று, ஒரு நாளாவது அம்முதியோர் சுக்கான் பிடிக்கப் பாய்வள்ளத்திலே தென்கரையோரம் போய்வரட்டும். வாடைக் காலம் நான்கு மாதம் நீடிக்கும். அம்முதியோரின் காலம் அவ்வளவு நீளுமா என்பதை எண்ணியே இதனை எழுதினேன்.